தோளைத் தூக்க முடியாதவர்கள் கார்செட் கட்டுவது எப்படி?

எனக்கு வலது தோள்பட்டை இறுகிப் போயிருக்கிறது, கை முதுகுக்குப் போகாது. கூடவே நெஞ்செரிச்சல். பழைய ஐரோப்பிய உடைகள் மீதான ஆசை மட்டும் குறையவில்லை. அவற்றுக்குள்ளே உடம்பைப் பிடிக்க நாடாவால் இறுக்கிக் கட்டும் உள்ளாடைதான் கார்செட். இதே நிலையில் இருப்பவர்களுக்காக இது. தையல் பற்றி இங்கே பேசவில்லை.

1. டாக்டரிடம் கேட்பது

வெறுமனே ‘கார்செட்’ என்றால் அவருக்குப் புரியாது. போட்டோவைக் காட்டி, "முதுகுவலி பெல்ட் மாதிரி, ஆனால் விலாவிலிருந்து இடுப்புவரை பிடிக்கும். சில மணி நேரம் போடலாமா?" என்று கேளுங்கள். குடலிறக்கம், கர்ப்பம், சமீபத்திய அறுவை சிகிச்சை என்றால் அவர் சரி சொல்லும்வரை தொட வேண்டாம்.

2. உடம்புக்கு ஏற்ற காலகட்டம்

உடம்பை வளைப்பதைவிட ஆண்டை மாற்றுவது சுலபம். நெஞ்செரிச்சல்காரர்களுக்கு 1800களின் தொடக்கத்துக் குட்டை ஸ்டேஸ் (கார்செட்டின் பழைய வடிவம்) நல்லது. மார்புக்குக் கீழேயே முடிந்துவிடும், வயிறு தப்பிக்கும். தோள் பிரச்சினை என்றால் முன்பக்கம் நாடா கட்டும் வகையைத் தேடுங்கள். 18ஆம் நூற்றாண்டிலேயே அப்படிப்பட்ட ஸ்டேஸ் உண்டு. 1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் காஸர்ட் நிறுவனம் முன்கட்டு கார்செட்டுகளுக்கே பெயர் வாங்கியது. அதே சமயத்தில் வந்த, முன்பக்கம் நேராக இறங்கும் ‘நேர்முன்’ கார்செட், வயிற்றின் அழுத்தத்தைக் குறைக்கத்தான் வந்தது. ஆனால் இறுக்கினால் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளும். முதுகுவலி இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

3. அளவு

உட்கார்ந்துகொண்டு அளங்கள், வயிறு அப்போதுதான் உண்மை பேசும். பின்னால் நாடா கட்டும் இடத்தில் 2 அங்குல இடைவெளி வேண்டுமென்றால் துணி இடுப்பளவைவிட 2 அங்குலம் குறைவாக இருக்கட்டும். உடம்பு ஒரு நூல்கூடக் குறைய வேண்டாம்.

4. பின்கட்டு கார்செட்டைத் தனியாகக் கட்டுவது

ஷூ போட்டாயிற்றா? கார்செட்டுக்குப் பிறகு குனிய முடியாது. உள்ளே மெல்லிய பருத்தி ஷெமீஸ் (தளர்வான உள்சட்டை) கட்டாயம்.

எனக்கு ரொம்ப நாள் இழுத்தடித்தது இந்தப் படிதான். முன்பக்க இரும்புக் கொக்கிகளான பஸ்க்கை மாட்ட நாடா தளர்வாக இருக்க வேண்டும். தளர்த்தினால், பிறகு அத்தனை தளர்வையும் முதுகில் கை விட்டு இழுக்க வேண்டும். கை போகாதே!

தீர்வு இதுதான். போடுவதற்கு முன்பே கார்செட்டை மேசையில் விரித்து, மேலிருந்தும் கீழிருந்தும் தளர்வை இடுப்புப் பகுதிக்குத் தள்ளிச் சேருங்கள். அங்கே நாடா இரண்டு நீள வளையங்களாக நிற்கும். பஸ்க் மாட்டுமளவுக்கு மட்டும் இடைவெளி விடுங்கள். மாட்டும்போது மேலிருந்து இரண்டாவது கொக்கியில் தொடங்கினால் மற்றவை தானே ஒழுங்குக்கு வரும். அப்புறம் வளையங்களைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி, மெதுவாக முன்னே நடங்கள். உடல் எடையே இழுத்துவிடும். வளையங்களை முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போடுங்கள்.

நாடா விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை: இருபுறமும் வழுவழுப்பான சாட்டின் ரிப்பன், சுமார் 6 மீட்டர். பருத்திக் கயிறு ஐலெட்டில் (நாடா கோக்கும் துளையில்) பிடித்துக்கொண்டு தோளின் உயிரை எடுக்கும்.

மூச்சு முழுதாக இறங்காவிட்டாலோ, மரத்துப்போனாலோ, வலித்தாலோ உடனே தளர்த்துங்கள். விருந்துக்குப் போனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். கழற்றும்போது உட்கார்ந்து, நிதானமாக. சட்டென்று அவிழ்த்தால் சிலருக்குத் தலை சுற்றும்.

பிற்சேர்க்கை

முதுகெலும்பு வளைவு இருக்கிறது, பின்னால் இடைவெளி கோணலாக வருகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். வரட்டும். இழுத்து நேராக்கப் பார்க்காதீர்கள். இடது, வலது பக்கங்களைத் தனித்தனியாக அளந்து தனித்தனியாகவே வெட்டுங்கள்.

மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவர்களுக்கு பஸ்க் சரிவராது. முன்கட்டு ஸ்டேஸில் ஒரே நாடாவைச் சுருளாகக் கோத்துப் போங்கள். நாடா நுனியில் பெரிய மழுங்கிய ஊசியை மாட்டிவிட்டால் துளையை விரலால் தேட வேண்டியதில்லை.