சவரக்கத்தியின் சாய்வைக் கன்னத்தில் கண்டுபிடிக்கும் முறை

மடக்குச் சவரக்கத்தியை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள் எல்லாரும் கேட்பது, அதை எவ்வளவு சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்பதுதான். தோலுக்கும் கத்திக்கும் இடையே ஏறத்தாழ 30 பாகை என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த எண் சரியானதே. ஆனால் முகத்தில் பாகையை அளந்து சவரம் செய்ய எவராலும் முடியாது. கத்தியை முதலில் தோலோடு படுக்க வைத்து, அங்கிருந்து கத்தியின் முதுகை, அதாவது கூரில்லாத தடித்த பக்கத்தை, சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே வந்து, முடி அறுபடும் ஓசை கேட்ட இடத்தில் நிறுத்திக்கொள்வதே நம்பத்தக்க வழி. சாய்வை எப்போதும் குறைவிலிருந்துதான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். படுக்கையான நிலையில் தவறினால் முடி சற்று இழுபடும், அவ்வளவே. நிமிர்ந்த நிலையில் தவறினால் தோல் அறுபடும்.

வள்ளம் கட்டும் இடத்தில் தச்சர் வாய்ச்சியால் பலகையைச் செதுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். வாய்ச்சியை மிகவும் படுக்கப் பிடித்தால் மரத்தின் மேல் வழுக்கிப் போகும். மிகவும் நிமிர்த்தினால் குத்திப் பள்ளம் பறிக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு சாய்வில்தான் சீவல் சுருண்டு எழும். முகத்திலும் அப்படியே. சாய்வு போதாதபோது கத்தியின் வாய், அதாவது அறுக்கும் கூர் விளிம்பு, முடியை அறுக்காமல் மடக்கி இழுக்கிறது. 45 பாகையை நெருங்கும்போது முடியோடு தோலின் மேற்படலத்தையும் சுரண்டுகிறது.

கண்ணுக்கு ஓர் உத்தேசம் வேண்டுமானால், பள்ளிப் பிள்ளைகளின் கணிதப் பெட்டியில் இருக்கும் மூலைமட்டத்தை எடுத்து, அதன் 30 பாகை முனையை மேசைமேல் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு கணக்கும் உண்டு. வழக்கமான கத்தியின் அகலம் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர், முதுகின் தடிப்பு ஏறத்தாழ 4.5 மில்லிமீட்டர். 30 பாகையில் பிடிக்கும்போது முதுகின் அடிப்பக்கத்துக்கும் கன்னத்துக்கும் இடையே 6 மில்லிமீட்டர் அளவு இடைவெளி விழும். அதாவது, கத்தியின் முதுகுத் தடிப்பைப் போல ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேல். கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்து இந்த இடைவெளியைச் சரிபார்ப்பது, கோணத்தை ஊகிப்பதைவிட எளிது.

கத்தியை எடுப்பதற்கு முன் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் இராமநாதபுரம் கடற்கரையில் சாய்வின் தவறு என்று பலர் நினைப்பது பெரும்பாலும் தண்ணீரின் தவறாக இருக்கிறது. மண்டபம் ஊரில் நான் பழகத் தொடங்கிய முதல் மாதத்தில் கத்தி எவ்வளவு படுக்கப் பிடித்தாலும் இழுத்தது. அதனால் நாளுக்கு நாள் முதுகை உயர்த்திக்கொண்டே போனேன், ஒரு காலையில் தாடை ஓரத்தில் ஆழமாக வெட்டிக்கொண்டேன். குற்றம் உவர்ப்பான கிணற்று நீரில் இருந்தது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து திரிந்துவிடுவதால் நுரை நிற்பதில்லை, முடியும் ஊறுவதில்லை. குடிக்க வாங்கி வைத்திருக்கும் குடத்து நீரிலிருந்து ஒரு தம்ளர் எடுத்தால் நுரைக்குப் போதும். முகத்தில் படிந்த உப்பைக் கழுவி, வெந்நீரில் நனைத்த துண்டை இரண்டு நிமிடம் கன்னத்தில் ஒற்றிவிட்டு, நுரையைத் தடவுங்கள். காற்றடிக்கும் திண்ணையில் உட்கார வேண்டாம். வாடைக் காலத்தில் பாக் நீரிணைக் கரையில் பாதிக் கன்னம் முடிப்பதற்குள் மறுபாதியின் நுரை காய்ந்துவிடும்.

முதல் சில நாட்களுக்குக் கன்னங்களை மட்டும் மழித்தால் போதும். மற்றவற்றைப் பழைய முறையிலேயே முடித்துக்கொள்ளலாம். பிடியை நன்றாகப் பின்னால் திருப்பி, வாய்க்கும் பிடிக்கும் இடைப்பட்ட கத்தியின் கழுத்தின் மேல் மூன்று விரல்களையும், அடியில் கட்டைவிரலையும், வளைந்த வாலில் சுண்டுவிரலையும் வையுங்கள். மற்றொரு கையால் காதுக்கு முன்புறத் தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். தளர்ந்த தோல் கத்தியின் முன்னே அலைபோலத் திரண்டு எழுவதால், கை சரியான சாய்வில் இருந்தாலும் அந்தத் திரட்சியில் வாய் குத்திவிடும். இப்போது முதுகும் வாயும் ஒன்றாகத் தொடும்படி கத்தியைக் கிருதாவின் கீழே படுக்க வையுங்கள். முதுகைச் சற்றே உயர்த்தி, முடி சாயும் திசையில் ஒரு சென்டிமீட்டர் அளவு மட்டும் நகர்த்துங்கள். ஓசை இல்லாவிட்டால் இன்னும் சற்றே உயர்த்தி மீண்டும் ஒருமுறை. இப்படிச் செய்துகொண்டே வரும்போது, காய்ந்த ஓலையை நகத்தால் கீறுவதுபோன்ற மெல்லிய ஓசை ஒரு நிலையில் எழும். அதுவே உங்கள் முடிக்கும் உங்கள் கத்திக்கும் உரிய சாய்வு. கத்தியின் எடையே போதும், கை அழுத்தக்கூடாது. வாயை அதன் நீளவாக்கில் ஒருபோதும் இழுக்கவும் கூடாது. மீன் அரிவதுபோன்ற அந்த அசைவில் எந்தச் சாய்வும் காப்பாற்றாது.

கன்னத்தில் கை பழகியபின் தாடைக்கு வரலாம். சாய்வு என்பது கத்தி தொடுகிற அந்த ஓரிடத்துத் தோலைப் பொறுத்தது. உடம்பையோ கண்ணாடியையோ பொறுத்ததன்று. தாடை எலும்பில் முகம் வளையும்போது மணிக்கட்டு அசையாமல் இருந்தால், 30 பாகை அரை விரற்கடைக்குள் 50 ஆகிவிடும். எனவே வளைவான இடங்களில் நீண்ட இழுப்பு வேண்டாம். தோலை எலும்பின் மேலிருந்து தட்டையான பகுதிக்கு நகர்த்திக்கொண்டு, சிறு சிறு இழுப்புகளாகச் செல்லுங்கள். கழுத்தில் முடி பலருக்கு மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ வளரும். விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு இல்லாத திசையிலேயே மழிக்க வேண்டும். எதிர்ச்சவரம், அதாவது முடி சாயும் திசைக்கு எதிராகச் சவரம், செய்பவர்கள் கத்தியை இன்னும் படுக்கப் பிடிக்க வேண்டும். பழகும்வரை அதைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

முடித்தபின் படிகாரக் கல்லை நனைத்து முகம் முழுவதும் தேய்த்துப் பாருங்கள். எங்கே எரிகிறதோ அங்கே கத்தி நிமிர்ந்திருந்தது அல்லது கை அழுத்தியிருந்தது. இதைவிட நேர்மையான ஆசிரியரை நான் கண்டதில்லை.

ஓசையும் வரவில்லை, சாய்வை அளவுக்கு மேல் உயர்த்தினால்தான் முடி அறுபடுகிறது என்றால், சாய்வை மாற்றாமல் கத்தியைத் தீட்டுங்கள். ஒவ்வொரு சவரத்துக்கும் முன் தோல்வாரில் 30 முதல் 50 முறை, முதுகு முன்னே செல்ல, வாய் பின்னே வர இழுக்க வேண்டும். அங்கே முதுகு வாரைவிட்டு எழவே கூடாது. எழுந்தால் வாய் மழுங்கிவிடும். முடிதிருத்தும் கடைகளில் இப்போது பயன்படும் பாதி பிளேடு பொருத்தும் கத்திக்கு வார் தேவையில்லை என்றாலும், அதன் வாய் மெல்லியதாகையால் அதை இன்னும் சற்றுப் படுக்கையாகவும், இன்னும் இலேசாகவும் நடத்த வேண்டும். எந்தக் கத்தியானாலும் மற்றவரோடு பகிரக்கூடாது.

கரி எஃகுக் கத்தி நம் உப்புக் காற்றில் ஓரிரவிலேயே துருப்புள்ளி வைத்துவிடும், வாயில் விழும் ஒரு புள்ளி அடுத்த நாள் சாய்வைக் குலைத்துவிடும். நல்ல தண்ணீரில் கழுவி, மென்துணியால் முதுகுப் பக்கத்திலிருந்து வாய்ப் பக்கமாக ஒற்றித் துடைத்து, அரைமணி நேரம் திறந்தே உலரவிட்டு, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிய பிறகே கத்தியை மடக்கி வையுங்கள்.