யூட்டாவின் ஐந்து பூங்காக்கள், இருவர், ஒரு கார்: முதல்முறை போகிறவர்களுக்கு

சயான், பிரைஸ் கேன்யன், கேப்பிட்டல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள இந்த ஐந்து தேசியப் பூங்காக்களையும் நானும் என் கணவரும் ஏழு இரவுகளில் பார்த்தோம். லாஸ் வேகாஸில் வாடகைக் கார் எடுத்து சால்ட் லேக் சிட்டியில் விட்டோம். எடுத்த ஊரிலேயே விடாததால் வாடகை கொஞ்சம் கூடியது. ஆனால் கடைசியாகத் தங்கிய மோவாப் ஊரிலிருந்து 450 மைலுக்கு மேல் திரும்பி ஓட்டும் ஒரு முழு நாள் மிச்சமானது. திட்டம் போடும்போது மைல் கணக்கைவிட வெளிச்சக் கணக்கைப் பாருங்கள். இருட்டுவதற்குள் அறைக்குப் போய்ச் சேர வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர். கோடையில் மோவாப் பக்கம் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை திடீர் வெள்ளமும் வரும்.

2. அனுமதிச் சீட்டு

ஒவ்வொரு பூங்கா வாசலிலும் தனித்தனியாகக் கட்டணம் கட்டாதீர்கள். அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலரில் ஆண்டுச் சீட்டு கிடைக்கும். காரில் இருக்கும் இருவருக்கும் அது ஒன்றே போதும். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு 2026 முதல் கட்டணம் வேறு, அதிகமும்கூட. ஆர்ச்சஸில் 2022-லிருந்து சில ஆண்டுகள், கூட்டம் அதிகமான மாதங்களில் நேரம் குறித்து முன்பதிவு செய்துதான் உள்ளே போக முடிந்தது. இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் கிளம்பும் முன் தேசியப் பூங்கா சேவையின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

3. காரில் என்ன வைப்பது

முதலில் தண்ணீர். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், அதாவது கிட்டத்தட்ட நான்கு லிட்டர். இது அதிகமாகத் தெரியும். காற்று அவ்வளவு வறண்டது என்பதால் வியர்ப்பதே தெரியாது, தலைவலி வந்த பிறகுதான் புரியும். உப்பு போட்ட தின்பண்டமும் வேண்டும்.

சைவம் சாப்பிடுபவர்கள் சயானுக்குப் போகும் வழியில் செயின்ட் ஜார்ஜ் ஊரிலேயே பெரிய கடையில் அரிசி, தயிர், பழம், ரொட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருவதெல்லாம் சின்ன ஊர்கள். நாங்கள் சின்ன ரைஸ் குக்கர் எடுத்துப் போயிருந்தோம். நாள் முழுக்க நடந்துவிட்டு அறையில் சாப்பிட்ட தயிர் சாதத்துக்கு ஈடே இல்லை.

வரைபடத்தை போனில் முன்பே இறக்கி வையுங்கள், வழியில் பல மணி நேரம் சிக்னல் கிடைக்காது. பெட்ரோல் பாதி ஆனதுமே நிரப்பிவிடுங்கள்.

4. சயான், இரண்டு இரவு

வேகாஸிலிருந்து சுமார் 160 மைல். யூட்டாவுக்கான நேரமே வேறு என்பதால் கோடை நேரம், குளிர் நேரம் எதுவானாலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்த வேண்டும். முதல் நாள் இதை மறந்ததால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டுக் கடைகளை மூடிக்கொண்டிருந்தார்கள்.

வசந்த காலத்திலிருந்து இலையுதிர் காலம் வரை முக்கியப் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்தக் கார் போக முடியாது. இலவசப் பேருந்தில்தான் போக வேண்டும். வாகன நிறுத்தம் காலையிலேயே நிறைந்துவிடும், ஏழு மணிக்குள் போய்விடுங்கள். ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறை உச்சிக்கு ஏற 2022 முதல் குலுக்கல் முறையில் அனுமதி தருகிறார்கள். இரண்டு பக்கமும் செங்குத்தான சரிவு என்பதால் முதல்முறை போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். அதற்குப் பதில் ரிவர்சைட் வாக் என்ற ஆற்றங்கரை நடைபாதையில் போங்கள். அது முடியும் இடத்தில் வர்ஜின் ஆற்றுக்குள்ளேயே இறங்கி நடக்கலாம். இறங்கும் முன் அன்றைய வெள்ள எச்சரிக்கையைக் கட்டாயம் கேளுங்கள். தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே, எங்கோ மைல் கணக்கில் தள்ளிப் பெய்த மழை அந்த இடுக்கில் வெள்ளமாக வந்துவிடும்.

5. பிரைஸ், ஒரு இரவு

1930-இல் திறந்த, ஒரு மைலுக்கு மேல் நீளமான சுரங்கப் பாதை வழியாகப் போவீர்கள். பிரைஸ் 8,000 அடிக்கு மேல் இருப்பதால் மே மாத இரவிலும் உறைகிற குளிர் அடிக்கும். விரிசலில் இறங்கிய தண்ணீர் இரவில் உறைந்து பகலில் உருகி, திரும்பத் திரும்பப் பாறையைப் பிளந்ததில் உருவானவைதான் அங்கே நிற்கும் ஆரஞ்சுத் தூண்கள். சூரிய உதயத்தை மேலிருந்து பார்த்த கையோடு குயின்ஸ் கார்டன், நவாஹோ லூப் என்ற இரண்டு பாதைகளையும் சேர்த்து நடந்துவிடுங்கள். சுமார் மூன்று மைல். முதலில் இறக்கம், கடைசியில் ஏற்றம் என்பதால் தண்ணீரையும் மூச்சையும் ஏற்றத்துக்கு மிச்சம் வையுங்கள்.

6. நெடுஞ்சாலை 12

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது எந்தப் பூங்காவும் இல்லை, பிரைஸிலிருந்து கேப்பிட்டல் ரீஃப் பக்கம் போகும் இந்தச் சாலைதான். எஸ்கலாண்டே ஊரைத் தாண்டிய பிறகு ஹாக்பேக் என்ற இடத்தில் சாலை ஒரு முகட்டின் மேல் போகும், இருபுறமும் பள்ளம். அங்கே ஓட்டுகிறவர் கண்ணைச் சாலையை விட்டு எடுக்கவே முடியாது. அதனால் நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். அவர் ஹாக்பேக்கைத் தாண்டும் வரை, நான் போல்டர் மலையில். பார்க்க இடம் விட்டிருக்கும் வளைவுகளில் எல்லாம் நிறுத்தி இறங்கினோம். அப்படிச் செய்யாமல் ஒருவரே ஓட்டினால், ஊர் திரும்பிய பிறகு ஒருவரிடம் மட்டும்தான் காட்சிகள் இருக்கும். மாலையில் மான்களும் மாடுகளும் சாலைக்கு வரும், அதற்குள் கேப்பிட்டல் ரீஃபுக்குப் பக்கத்தில் உள்ள டோரி ஊருக்குப் போய்ச் சேருங்கள்.

7. கேப்பிட்டல் ரீஃப், ஒரு இரவு

பூங்காவுக்குள் இருக்கும் ஃப்ரூட்டாவில் மார்மன் என்ற மதப்பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் வைத்த பழத்தோட்டங்கள் இன்னும் காய்க்கின்றன. பருவத்தில் போனால் நீங்களே பறிக்கலாம். அரை நாள் போதும்.

8. மோவாப், மூன்று இரவு

ஆர்ச்சஸில் 2,000-க்கும் மேற்பட்ட கல் வளைவுகள் இருக்கின்றன. டெலிகேட் ஆர்ச்சுக்குப் போய்வர மூன்று மைல், வழியில் நிழலே கிடையாது. மாலையில் போகிறவர்கள் இறங்கி வர டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். பாதையை விட்டு மண்ணில் கால் வைக்காதீர்கள். கறுப்பாக, பொருக்குத் தட்டியதுபோல் தெரிவது உயிருள்ள மண். ஒரு மிதியில் சிதைவது திரும்பி வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

கேன்யன்லேண்ட்ஸில் மேசா ஆர்ச்சை விடியலில் பாருங்கள். கார் நிறுத்தத்திலிருந்து சின்ன நடைதான், உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போனால் நிற்க இடம் கிடைக்கும். வெயில் எழும்பும்போது வளைவின் அடிப்பக்கம் முழுக்கச் செம்பு நிறமாகிவிடும். அது நிற்பது சில நிமிடங்கள்தான். அந்த நேரத்துக்கு நாங்கள் கேமராவை ஓரமாக வைத்துவிட்டோம்.

சால்ட் லேக் சிட்டிக்குச் சுமார் நான்கு மணி நேரம். காரைத் திருப்பித் தரும் முன் செம்மண்ணைத் துடைத்துவிடுங்கள், கதவு இடுக்கிலெல்லாம் ஏறியிருக்கும்.