ஞாபகம் நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டோம்

என் பெரியப்பாவுக்கு எழுபத்து நான்கு வயதிலும் தன் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு மொய் எழுதினார்கள் என்பது மனப்பாடம். ஆனால் ஆயுள் முழுவதும் கணக்கெழுதியே பிழைத்த மனிதர், ஒரு மாதப் பால் கணக்கைக் கூட்ட அரை மணி நேரம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார். பாதம் தரையில் உரசியபடி சின்னச் சின்ன அடி வைத்து நடந்தார். இரவில் கழிவறையை எட்டுவதற்குள் வேட்டி நனைந்துவிடும். நாங்களும் புத்திசாலித்தனமாக ஒரு சோதனை வைத்தோம்: "காலையில் என்ன டிபன், பெரியப்பா?" "ரவா உப்புமா. உப்பு கம்மி" என்றார். உப்பு கம்மி என்பதுவரை நினைவிருக்கிறதே என்று நிம்மதியாகிவிட்டோம்.

அதுதான் முதல் தவறு. மூளைத் தளர்ச்சி என்றாலே மறதி என்று நினைக்கிறோம். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. அதன் ஆழத்துக்குப் போகும் ரத்தக் குழாய்கள் பலவற்றின் அகலம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பல ஆண்டு ரத்த அழுத்தத்தில் அவற்றின் சுவர் தடித்து, உள்வழி குறுகுகிறது. மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள் ஓடும் வெண்பொருள்தான் இந்தப் பாசனத்தின் கடைமடை. தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அது. அதனால் நினைவு தப்புவதற்கு வெகுமுன்பே வேகம் குறைகிறது, ஒரு வேலையை வரிசையாகத் திட்டமிட முடியாமல் போகிறது, நடையும் சிறுநீர்க் கட்டுப்பாடும் கெடுகின்றன. இவற்றையெல்லாம் தனித்தனியாக "வயசாகிவிட்டது" என்ற ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம்.

பெரிய தவறு மாத்திரையில் நடக்கிறது. பெரியப்பாவின் பிரஷர் மாத்திரை அட்டைகள் பூஜை அலமாரியில், விபூதித் தட்டுக்குப் பின்னால், பிரிக்கப்படாமல் கிடைத்தன. "தலைவலியே இல்லையே, எதற்கு?" என்றார். உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. மாத்திரையால் 130-க்கு இறங்கியதைப் பார்த்து, குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். "நூறோடு வயதைக் கூட்டிக்கொள், அதுவரை இருக்கலாம்" என்ற பழைய கணக்கும் இன்னும் சாகவில்லை. அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த 9,361 பேரிடம் நடந்த ஸ்பிரிண்ட் ஆய்வில், மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழே கொண்டுவர மருத்துவம் பெற்றவர்களுக்கு, 140-க்குக் கீழே போதும் என்று விடப்பட்டவர்களைவிட, லேசான அறிவுத்திறன் குறைபாடு 19 சதவீதம் குறைவாக வந்தது. இந்த முடிவு 2019-இல் வெளியானது. அன்றாட வேலைகளையே முடக்கும் அறிவிழப்பான முழு டிமென்ஷியாவும் குறைந்தது என்று அந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சர்க்கரை நோயாளிகளும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களும் அதில் சேர்க்கப்படவும் இல்லை.

ஆகவே இதைப் படித்துவிட்டு அப்பாவுக்கு ஒரு மாத்திரை கூடுதலாகக் கொடுப்பது எதிர்த்திசைத் தவறு. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளிக்கு மேல் சரிந்தால், விழுந்து தலையில் அடிபட வாய்ப்புண்டு. அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அளப்பதிலும் அவசரம் கூடாது. மாடியேறி வந்த மூச்சோடு, முழுக்கைச் சட்டையின் மேலேயே பட்டையைச் சுற்றி, பேசிக்கொண்டே எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரட்டும்.

உப்பு பற்றி ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. குழம்பில் குறைத்துவிட்டு அப்பளம், மோர் மிளகாய், ஊறுகாய், கருவாட்டில் திரும்ப ஏற்றிக்கொள்கிறோம். இந்துப்புக்கு மாறியதால் தப்பித்தோம் என்பவர்களுக்கு: அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைப்பது அடுத்தது. பெரியப்பாவுக்கு ஒரு நாள் சாப்பிடும்போது வாய் ஒரு பக்கம் கோணியது. சோற்றுக் கவளம் கையிலிருந்து நழுவியது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. சோடா கொடுத்தார்கள், திருஷ்டி சுற்றிப்போட்டார்கள், படுக்க வைத்தார்கள். தானாகச் சரியாகிவிட்ட இந்தச் சிறு பக்கவாதத்துக்குப் பிறகு, பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து முதல் இரண்டு நாளில்தான் மிக அதிகம். அன்றே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். கோணல் மாறாமல் நின்றால் அவசரம் இன்னும் கூடும்: குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுப்பதும் தவறு. அடைப்பா, கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவென்றால் ஆஸ்பிரின் அதைப் பெருக்கும். விழுங்க முடியாதவர் வாயில் தண்ணீரும் ஊற்றக்கூடாது.

மற்றவை சுருக்கமாக. எல்லாத் தடுமாற்றத்தையும் டிமென்ஷியா என்று முடிவுகட்ட வேண்டாம். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவையும் அப்படித் தோன்றும், மருந்துக்கும் கட்டுப்படும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சளி, அரிப்பு மாத்திரைகளில் சில முதியவர்களுக்கு மூளை மந்தத்தைத் தரும். வல்லாரை நல்ல கீரை. துவையல் அரைத்துச் சாப்பிடலாம், பிரஷர் மாத்திரைக்கு மாற்றாக அல்ல. சர்க்கரை, புகை, கேளாத காது, இவற்றையும் அலட்சியம் செய்ய வேண்டாம். மாத்திரை வாங்க அலைய முடியவில்லை என்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2021 முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" வீட்டுக்கே கொண்டுவருகிறது.

பெரியப்பாவின் எம்.ஆர்.ஐ. படத்தில் வெண்பொருள் முழுக்கச் சுண்ணாம்பு தெளித்தது போலிருந்தது. போனது திரும்பாது, இனிப் போவதைத் தாமதப்படுத்தலாம் என்றார் மருத்துவர். இப்போது பால் கணக்கைப் பெரியம்மா கூட்டுகிறார். பெரியப்பா சரிபார்க்கிறார். அதற்கும் அரை மணி நேரம் ஆகிறது. ஆனால் போன மாதம் அவர்தான் அரை லிட்டர் தவறைக் கண்டுபிடித்தார்.