மைக்கை அணைத்தாலும் விளக்கு எரியும்
அன்றாடம் ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகளை, அதாவது மாலையில் விளக்கு எரிவது, காலையில் அலாரம் அடிப்பது போன்றவற்றை, குரலால் இயக்கும் ஸ்மார்ட் ஸ்பீக்கரின் செயலியில் நேர அட்டவணையாகப் பதிந்துவிட்டு, ஸ்பீக்கரின் மைக்கை அதிலுள்ள பொத்தானாலேயே அணைத்து வையுங்கள். அமேசானின் எக்கோ ஸ்பீக்கரில் சிவப்பு விளக்கு எரிந்தால் மைக் அணைந்திருக்கிறது என்று பொருள். அட்டவணைக்கு மைக் தேவையில்லை என்பதால் வேலைகள் தடையின்றி நடக்கும். தொலைக்காட்சியில் வரும் ஏதோ ஒரு சொல்லை, தன்னை எழுப்பும் அழைப்புச் சொல்லாகக் கருதி ஸ்பீக்கர் வீட்டுப் பேச்சை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பிவிடுவதும் நின்றுவிடும், இதுவே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏற்கெனவே சேர்ந்த குரல் பதிவுகள் இதனால் அழியாது. அவற்றுக்குத் தனியுரிமை அமைப்பில் 3 மாதத் தானியங்கி நீக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களோ, அவசரத்தில் குரலால் மட்டுமே உதவிக்கு அழைக்கக்கூடிய முதியவர்களோ இருக்கும் அறையில் மைக்கை அணைக்கக் கூடாது.