மருத்துவர் அருகில் இருந்து கற்பது எப்படி? பிளஸ் டூ மாணவர்களுக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்காவில் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர், மருத்துவர்களுடன் இருந்து அவர்கள் பணியைப் பார்த்திருக்கிறாரா என்பதையும் பல கல்லூரிகள் கவனிக்கின்றன. இங்கே நீட் மதிப்பெண்தான் அடிப்படை. ஆகவே பாம்பனிலோ தொண்டியிலோ உள்ள மாணவர் இதைச் சான்றிதழுக்காகச் செய்ய வேண்டியதில்லை. இந்த வேலை தமக்கு ஒத்துவருமா என்று அறியவே செய்ய வேண்டும்.

முதற்படி, அனுமதி. நீட் தேர்வு முடிந்தபின், தலைமையாசிரியரின் கடிதத்துடனும் பெற்றோருடனும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தெரிந்த மருத்துவரிடமோ செல்லுங்கள். ஓ.பி. (புறநோயாளிகள் பிரிவு) கூட்டம் குறைந்த நேரத்தில் சென்று, மூன்று காலைப் பொழுதுகள் மட்டும் கேளுங்கள். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம்.

இரண்டாம் படி, நோயாளியின் சம்மதம். ஒவ்வொருவரிடமும் மருத்துவர் கேட்ட பிறகே நீங்கள் அறைக்குள் இருக்கலாம். நம் கடற்கரை ஊர்களில் அடுத்து வருபவர் உங்கள் அத்தையாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருக்கக்கூடும்; அப்போது யாரும் சொல்லாமலே வெளியே வந்துவிடுங்கள். கேட்டதை வீட்டிலும் சொல்லக் கூடாது.

மூன்றாம் படியே முக்கியமானது: மருத்துவர் தரும் மருந்தைவிட, அவர் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். நான் பிளஸ் டூ முடித்த கோடையில், திருக்கை முள் குத்திய காலுடன் ஒரு மீனவர் வந்தார். எப்போது குத்தியது, முள் உள்ளே ஒடிந்திருக்கிறதா, டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று மருத்துவர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே, தோல் வெந்துவிடாதபடி பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர் வைத்து அதில் காலை அமிழ்த்தச் சொன்னார். திருக்கையின் நஞ்சிலுள்ள புரதம் வெப்பத்தால் சிதைவதால் வலி தணிகிறது என்று அவர் பின்னர் விளக்கியபோதுதான், வேதியியல் பாடத்தில் மனப்பாடம் செய்த புரதங்களின் இயல்பிழத்தல் எனக்கு உண்மையில் புரிந்தது.

அதே நாளில் இரத்த அழுத்தத்துக்காக வந்த பெரியவரிடம், "ராத்திரி மாத்திரையை ஏன்யா விட்டீங்க?" என்று கேட்டார். "ராத்திரி நான் கடல்லதானே இருக்கேன், டாக்டர்" என்றார் அவர். மருத்துவர் சற்று யோசித்து, கரைக்கு வந்தபின் காலையில் போடும்படி நேரத்தை மாற்றி எழுதி, கருவாட்டின் உப்பைப் பற்றியும் பொறுமையாகப் பேசினார். அந்தக் கேள்வியைக் கேட்காமல் மருந்தின் அளவைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றும் எண்ணுவதுண்டு.

நான்காம் படி, குறிப்பேடு. பெயர் எழுதக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஊரையும் வயதையும் எழுதிவிட்டேன். "சின்ன ஊர்ல அது போதும், ஆளைக் கண்டுபிடிச்சிருவாங்க" என்று மருத்துவர் அவற்றை அடித்துவிடச் சொன்னார். நோய்க்குறி, கேட்கப்பட்ட கேள்வி, உங்களுக்குப் புரியாத சொல் ஆகிய மூன்றும் போதுமானவை; கைப்பேசியில் படம் எடுப்பது அறவே கூடாது. ஐயங்களை ஓ.பி. முடிந்தபின் கேளுங்கள்.

காலை உணவை உண்டுவிட்டுச் செல்லுங்கள். இரத்தத்தைக் கண்டு தலை சுற்றினால் உடனே உட்கார்ந்து செவிலியரிடம் சொல்லுங்கள்; அதனால் நீங்கள் மருத்துவத்துக்குத் தகுதியற்றவர் ஆகிவிட மாட்டீர்கள்.

மூன்று காலைகளில் ஒன்றையாவது செவிலியருடன் கழியுங்கள். நோயாளிகளின் வீட்டுக்கே மருந்து கொண்டுசெல்லும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலருடன் செல்ல அனுமதி கிடைத்தால், மருத்துவர் எழுதிய மாத்திரை ஒரு வீட்டில் எந்த இடத்தில் வைக்கப்படுகிறது, அதை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டு வரலாம்.