தும்மல் குறைய வீட்டைச் சுத்தம் செய்வது எப்படி? படுக்கையறையில் தொடங்குங்கள்

காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கில் நீர், கண்ணில் அரிப்பு. வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிவிடும். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால், கூடத்தையும் வாசலையும் விட்டுவிட்டு முதலில் அவர் படுக்கும் இடத்தைப் பாருங்கள்.

மெத்தையிலும் தலையணையிலும் தூசிப்பூச்சி வாழ்கிறது. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, கடிக்கவும் கடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு. அதன் எச்சத்திலுள்ள புரதம் மூக்குக்குள் போவதால்தான் பலருக்குத் தும்மல் வருகிறது. இந்தப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே உயிர் வாழ்கிறது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழேயே இருந்தால் அதனால் தாக்குப்பிடிக்க முடியாது. நம் டெல்டாவிலோ ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது 80-ஐத் தாண்டுவது சாதாரணம். அதனால் அடியோடு ஒழிக்க முடியாது, குறைக்கலாம். குறைத்தாலே மூச்சு எவ்வளவோ லேசாகும்.

பெரிய சுத்தத்துக்கு நல்ல காலம் மார்கழி. மழை ஓய்ந்து வெயில் திரும்பியிருக்கும், சம்பா அறுவடைத் தூசி இன்னும் கிளம்பியிருக்காது. போகிக்கு எப்படியும் வீட்டைப் புரட்டிப் போடுகிறோம். அதையே கொஞ்சம் முன்னதாக, முறையாகச் செய்துவிடலாம்.

தொடங்கும் முன்

அலர்ஜியோ ஆஸ்துமாவோ உள்ளவரை இந்த வேலையில் இறக்காதீர்கள். அன்று சாயங்காலம் வரை பக்கத்து வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ இருக்கட்டும். சுத்தம் செய்பவர் என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும். மூக்கில் துண்டைக் கட்டினால் பெரிய தூசிதான் நிற்கும், நுண்ணிய தூசி உள்ளே போய்விடும்.

1. மேலிருந்து கீழே

படுக்கைத் துணிகளை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒட்டடை, பரண், ஃபேன், ஜன்னல் கம்பி, கட்டில், கடைசியில் தரை. ஃபேன் இறக்கையைத் துடைக்கப் பழைய தலையணை உறை ஒன்று போதும். இறக்கையை உறைக்குள் விட்டு, அழுத்திப் பிடித்து இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். மற்ற எல்லாவற்றுக்கும் ஈரத்துணிதான். காய்ந்த துணியால் தட்டினால் தூசி இடம் மாறுமே தவிர வீட்டை விட்டுப் போகாது.

2. படுக்கை

நேரம் குறைவாக இருந்தால் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

போர்வை, விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை சுடுநீரில் துவையுங்கள். 60 டிகிரி வெந்நீரில் பூச்சி செத்துவிடும், எச்சமும் கரைந்து போகும். கொதிக்கும் தண்ணீருக்குச் சரிபாதி தொட்டித் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வந்துவிடும். கையை விடாமல் கம்பால் அழுத்தி, அரை மணி நேரம் ஊற விடுங்கள். சாயம் போகும் துணியை மட்டும் தனியாக வையுங்கள்.

இலவம்பஞ்சு மெத்தையைத் துவைக்க முடியாது. நல்ல வெயிலில் இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டுக் காயவையுங்கள். வெயில் பூச்சியைக் குறைக்கும், ஆனால் எச்சம் பஞ்சுக்குள்ளேயே இருக்கும். அதனால் கொல்லையில், காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத இடத்தில் வைத்து நன்றாகத் தட்டி, பிறகு நெருக்கமான நெசவில் ஜிப் வைத்த உறை போட்டுவிடுங்கள். தலையணைக்கும் இதே உறைதான். பல வருடமாகக் கட்டியாகிப் போன தலையணையைக் காப்பாற்ற முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள். இருமல் உள்ள பிள்ளைக்குப் பஞ்சு மெத்தையைவிடக் கோரைப்பாயே மேல் என்பது என் எண்ணம். பாயில் ஈரம் நிற்காது, துடைத்து வெயிலில் நிறுத்தலாம்.

3. தரை

பூந்துடைப்பத்தால் வேகமாகப் பெருக்கினால் எழும் நுண்ணிய தூசி நெடுநேரம் காற்றிலேயே நிற்கும். ஈரத்துணியால் துடைப்பதே நல்லது. மண்ணும் குப்பையும் இருந்து பெருக்கியே ஆக வேண்டுமென்றால் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள்.

4. ஈரச் சுவரும் பூஞ்சணமும்

பூஞ்சணத்தின் வித்துகளும் தும்மலைக் கிளப்பும். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பின்னால் பாருங்கள். கறுப்பாகப் படர்ந்திருந்தால் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, ஜன்னலைத் திறந்து முழுதாகக் காயவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் பயன்படுத்தினால், கழிவறை கழுவும் ஆசிட்டை அதோடு ஒருபோதும் கலக்காதீர்கள். எழும் குளோரின் வாயு உயிருக்கே ஆபத்து. உடைந்த ஓடுகளையோ ஒழுகும் தளத்தையோ சரிசெய்யாமல் பெயின்ட் அடித்தால் அடுத்த மழையில் பூஞ்சணம் திரும்ப வரும். மழைக்காலத்தில் ஈரத்துணியைப் படுக்கையறைக் கொடியில் போடாமல் தாழ்வாரத்தில் போடுங்கள்.

5. நெல்லும் அடுக்களையும்

பத்தாயமோ நெல் மூட்டையோ படுக்கும் அறையில் இருக்க வேண்டாம். தானியத் தூசியிலும் நுண்பூச்சிகள் உண்டு, எலியும் தேடி வரும். வேறு இடமே இல்லையென்றால் மூட்டையைப் பலகை மேல் ஏற்றி வைத்துத் தார்ப்பாயால் மூடுங்கள்.

கரப்பான் எச்சமும் அலர்ஜியைக் கிளப்பும். இரவில் எச்சில் பாத்திரத்தைப் போட்டு வைக்காமல், சாக்கடைத் துளைக்கு வலை போட்டாலே பாதி குறையும். மீதிக்கு ஸ்பிரே வேண்டாம், அந்த நெடியே மூச்சை அடைக்கும். பிள்ளைகளுக்கு எட்டாத இடுக்குகளில் கரப்பான் ஜெல் வையுங்கள்.

கொசுவத்திப் புகையும் சாம்பிராணிப் புகையும் அலர்ஜிக்காரரின் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். கொசுவலை கட்டுங்கள், அதையும் துவையுங்கள். இத்தனைக்கும் பிறகு இரவில் இழுப்போ நெஞ்சில் விசில் சத்தமோ இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும், வீட்டைக் கழுவிக்கொண்டே நாளைத் தள்ளக் கூடாது.

தை பிறந்து வயலில் அறுவடை இயந்திரம் இறங்கியதும், வயல் பக்கத்து ஜன்னலைப் பகலில் சாத்தி வையுங்கள். களத்திலிருந்தும் வைக்கோல் போரிலிருந்தும் வருபவர் கொல்லையிலேயே உடுப்பை மாற்றி, தலைக்குக் குளித்துவிட்டுப் படுக்கப் போகட்டும். வைக்கோல் ஏற்றி முடிந்ததும் 1, 2, 3 மூன்றையும் இன்னொரு முறை செய்துவிடுங்கள்.