ஈபிஓ ஊசி: சிறுநீரக நோயாளிகள் தெரிந்திருக்க வேண்டிய நடைமுறை

எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உருவாக எரித்ரோபொய்டின் (சுருக்கமாக ஈபிஓ) என்ற ஹார்மோன் வேண்டும். அதன் பெரும்பகுதி சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. நாள்பட்ட சிறுநீரக நோயில் அந்தச் சுரப்பு குறைவதால் ஹீமோகுளோபின் இறங்கிவிடுகிறது. அதை ஈடுகட்டத்தான் ஈபிஓ ஊசி.

ஆனால் ஊசிக்கு முன் இரும்புச்சத்தைப் பாருங்கள். உடம்பில் இரும்பு இல்லையென்றால் எத்தனை ஊசி போட்டாலும் பணம்தான் வீண். ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்துள்ள இரும்பைக் காட்டுவது), டிசாட் (டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், ரத்தத்தில் உடனே பயன்படக்கூடிய இரும்பைக் காட்டுவது) இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கிருமித்தொற்று இருக்கும்போது ஃபெரிட்டின் தானாக ஏறும். அதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். டயாலிசிஸ் செய்பவருக்கு ஃபெரிட்டின் 200 நானோகிராமுக்கு (ஒரு மில்லி ரத்தத்தில்) மேலும் டிசாட் 20 சதவீதத்துக்கு மேலும் இருப்பது நல்லது. குறைந்தால் டயாலிசிஸின்போதே அயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்பு மருந்தை ரத்தத்தில் ஏற்றுவார்கள். வழக்கமாக 100 மி.கி. வீதம் 10 முறை. காய்ச்சலோ தொற்றோ இருந்தால் அது தீரும்வரை ஏற்றக் கூடாது. இரும்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை டீ, காபி, கால்சியம் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட வேண்டாம்.

பொதுவாக ஹீமோகுளோபின் 10 கிராமுக்குக் (100 மில்லி ரத்தத்தில்) கீழே போனால் ஊசி பற்றி மருத்துவர் யோசிப்பார். ஈபிஓ ஊசியில் இரண்டு வகை பரவலாக உண்டு. எப்போயெட்டின் என்றால் கிலோவுக்கு 50 யூனிட், வாரம் 3 முறை என்பது பரவலான தொடக்க அளவு: 60 கிலோ எடைக்கு ஒரு முறைக்கு 3000 யூனிட். டார்பெபோயெட்டின் உடம்பில் அதிக நாள் தங்குவதால் வாரம் ஒன்றோ, இரண்டு வாரத்துக்கு ஒன்றோ போதும்.

ஹீமோகுளோபின் இலக்கு 10 முதல் 11.5 வரை. இன்னும் ஏறினால் இன்னும் தெம்பு வரும் என்று அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். 13-ஐ எட்டவைக்க முயன்ற ஆய்வுகளில் பக்கவாதமும் ரத்தக்கட்டும்தான் கூடின. இரண்டு வாரத்தில் 1 கிராமுக்கு மேல் ஏறினால் அளவைக் கால்பங்கு குறைப்பார்கள். நான்கு வாரமாகியும் 1 கிராம்கூட ஏறவில்லையென்றால் கால்பங்கு கூட்டுவார்கள். பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகும், அவசரப்பட வேண்டாம்.

மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். வாங்கி வரும் வழியில்தான் பெரும்பாலும் கெடுகிறது: ஐஸ் பேக்கோடு சிரிஞ்ச் நேரடியாக ஒட்டிக் கிடந்தால் உறைந்துவிடும். உறைந்த மருந்து உருகிய பின் பார்க்கத் தெளிவாகவே இருந்தாலும் போடக் கூடாது. இடையில் ஒரு துணியைச் சுற்றுங்கள். வீட்டில் ஃப்ரீசருக்கு அடியிலோ ஃப்ரிட்ஜ் கதவிலோ வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள். குலுக்கக் கூடாது, புரதம் சிதைந்துபோகும்.

போடும்முன் அரை மணி நேரம் வெளியே வைத்தால் எரிச்சல் குறையும். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வயிற்றிலோ தொடையிலோ தோலைக் கிள்ளிப் பிடித்துப் போட வேண்டும், ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றி. ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையில் போடவே கூடாது.

ஊசி ஆரம்பித்த பிறகு பிரஷர் ஏறுவது சகஜம். அதனால் வீட்டிலேயே பார்த்துக் குறித்து வையுங்கள். பிரஷர் கட்டுக்குள் வராதவருக்கு ஊசி தொடங்குவதில்லை. கடும் தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அளவைக் கூட்டியும் ஏறாதபோது மறைந்திருக்கும் தொற்று, மலத்தில் ரத்தக்கசிவு, போதாத டயாலிசிஸ், பி12 குறைவு, பாராதைராய்டு ஹார்மோன் மிகுதி ஆகியவற்றைத் தேட வேண்டும். மாதக்கணக்கில் நன்றாக இருந்த ஹீமோகுளோபின் திடீரென்று சரிந்தால் ரெட்டிகுலோசைட் (புதிதாக உருவான இளம் சிவப்பணு) எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். மிக அரிதாக, ஊசிக்கு எதிராகவே உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கிச் சிவப்பணு உற்பத்தியை நிறுத்திவிடும். அப்போது ஊசியை நிறுத்தியாக வேண்டும்.